கரியாலூரில் டென்னிஸ்

கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே புறப்பட்டு, கச்சிராயபாளையத்தையும் கோமுகி அணையையும் கடந்து, கல்வராயன் மலையின் வளைவுகளில் ஏறிக் கரியாலூரை அடைகிறவர்கள், அங்குள்ள படகுத் துறையையும், அப்பகுதியில் விழும் பெரியார், மேகம் அருவிகளையும், கோடை விழா நாட்களில் கூடும் ஜனத்திரளையும் கண்டு ஆனந்திப்பார்களேயன்றி, டென்னிஸ் என்ற விளையாட்டை அங்கே ஒரு கணமும் நினைக்கமாட்டார்கள். நினைக்காததற்குத் தக்க காரணமும் உண்டு. பக்கத்துக்கு இருவராக நால்வர் ஆடும் டென்னிஸ் களத்துக்கு 78 அடி நீளமும் 36 அடி அகலமும் வேண்டும். எல்லைக்கோட்டுக்கு வெளியே ஓடித் திரும்ப இன்னும் இடம் வேண்டும். அவ்வளவும் மேடுபள்ளமில்லாத சமதளமாக இருக்க வேண்டும். சரிவே இயல்பாகிய மலையில் அத்தகைய நிலம் ஒருவருக்கு வாய்த்தால், அதில் சாமை விதைக்கவோ மரவள்ளி நடவோதான் அவருக்கு மனம் வருமேயொழிய, வலை கட்ட வராது.

டென்னிஸ் தமிழருக்கு அந்நியமான விளையாட்டு என்று சொல்லிவிடவும் முடியாது. 1960-லும் 1961-லும் விம்பிள்டன் அரையிறுதி வரை சென்ற ராமநாதன் கிருஷ்ணன், 1973-லும் 1981-லும் அங்கே கால் இறுதியை எட்டிய விஜய் அமிர்தராஜ், 1979-ல் இளையோருக்கான விம்பிள்டன் பட்டத்தை வென்ற ரமேஷ் கிருஷ்ணன் ஆகியோரின் கீர்த்தி நம் பத்திரிகைகளில் பல தலைமுறைகளாகப் பேசப்பட்டு வந்திருக்கிறது. 1997 முதல் 2017 வரை நுங்கம்பாக்கத்து மைதானத்தில் ஆண்டுதோறும் சர்வதேச வீரர்கள் வந்து ஆடிச் சென்றதும் நாம் அறிந்ததே. ஆயினும் களமும், மட்டையும், சங்க உறுப்பினர் சந்தாவும், சமபலமுள்ள ஒரு எதிராளியும் ஒருங்கே அமைந்தாலன்றி ஆட முடியாத இந்த ஆட்டம், நம்மில் மிகப் பெரும்பாலோருக்குப் பார்ப்பதற்கும் படிப்பதற்கும் உரிய பொருளாகவே இருந்து வந்தது. அதைக் கையில் எடுத்து ஆடுவதற்குரிய பொருளாக முதன்முதலில் ஆக்கிக் கொடுத்தது எந்தச் சங்கமுமன்று. தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடும் ஒரு சிறு சாதனமே.

ஜப்பானிய நிறுவனமான நின்டெண்டோ 1983-ல் வெளியிட்ட விளையாட்டுப் பெட்டியைப் பார்த்துச் செய்த பல போலிகள் 1990-களில் நம் கடைத்தெருக்களுக்கு வந்தன. அவற்றுள் ‘சாமுராய்’ என்ற பெயர் அந்நாளைய சிறுவர்களுக்கு மிகவும் பரிச்சயமானது. ‘டிவி கேம்’ என்று அவர்கள் அழைத்த அந்தப் பெட்டியில் செருகும் ‘கேசட்’டின் மேல், லட்சக்கணக்கான ஆட்டங்கள் அதனுள் அடங்கியிருப்பதாகக் கூசாமல் அச்சிட்டிருக்கும், செருகிப் பார்த்தால் சில ஆட்டங்களே பெயர் மாற்றிப் பெயர் மாற்றித் திரும்ப வரும். அந்தச் சிலவற்றுள் 1984-ல் உருவான ‘டென்னிஸ்’ என்ற ஆட்டமும் அநேகமாக ஒன்றாக இருக்கும். பிறகு 2006-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் ஏழை எளியவர்களின் இல்லங்களுக்குள்ளும் ஒரு திரையைக் கொண்டு வைத்தது. திரை வந்த பின்னர், திருவிழாக் கடையில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் டிவி கேம் வருவதற்குத் தடை என்ன இருக்கிறது? சமதளம் இல்லாத ஊரிலும் டென்னிஸ் ஆடலாம் என்ற விசித்திரமான நிலைமை இவ்வாறு உண்டாயிற்று.

அந்த ஆட்டத்தில் அப்படி என்ன வசீகரம் என்று கேட்கலாம். பார்வைக்கு அது மிகவும் எளியது. நாலைந்து கோடுகளால் ஒரு களம். விரல்விட்டு எண்ணத்தக்க புள்ளிகளால் ஒரு மனிதன். உயர்ந்த ஆசனத்தில் நடுவராக அமர்ந்திருக்கும், நின்டெண்டோ ஆட்டங்களின் மீசைக்கார நாயகன் மாரியோ. கைப்பிடியில் இரண்டு பொத்தான்கள், ஒன்று இயல்பான அடிக்கு, மற்றொன்று பந்தை உயரத் தூக்கி அடிப்பதற்கு. இவ்வளவே. ஆனால் பந்து வலையைத் தாண்டி வருகையில், அதன் நிழல் தரையில் நகர்வதைக் கொண்டு அது எங்கே விழும் என்று ஊகித்து, அவ்விடத்துக்கு நம் ஆளை நகர்த்தி, முந்தாமலும் பிந்தாமலும் பொத்தானை அழுத்தவேண்டிய அந்த ஒரு க்ஷணத்தில், மெய்யான களத்தில் நிற்கும் வீரனின் உள்ளத்தில் எழும் பதற்றமும் கணிப்பும் துணிவும் குறைவின்றி நமக்கும் ஏற்படுகின்றன. வெயில், காற்று, கால் வலி, செலவு ஆகிய சகலத்தையும் கழித்துவிட்டு, டென்னிஸின் உயிர்நிலையாகிய காலக் கணிப்பை மட்டும் அந்தப் பெட்டி வைத்துக்கொண்டது. அதன் ஆகர்ஷண சக்திக்கு இதுவே மூல காரணம் என்பது என் துணிபு.

இதற்குச் சரித்திரமும் சாட்சி சொல்கிறது. 1958-ம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆராய்ச்சிக் கூடத்தைப் பொதுமக்கள் பார்வையிட வந்த நாளில், வில்லியம் ஹிகின்பாதம் என்ற பௌதிக விஞ்ஞானி, எறியப்பட்ட பொருளின் பாதையைக் கணக்கிட வல்ல ஒரு கணிப்பொறியை அலைகாட்டிக் கருவியோடு இணைத்து, ஐந்து அங்குலத் திரையில் ஒளிப்புள்ளியைப் பந்தாகத் துள்ளவிட்டு, ‘இருவர் டென்னிஸ்’ என்ற ஆட்டத்தைக் காட்சிக்கு வைத்தார். ஆடுபவர் கையில் இருந்தவை, கோணத்தைத் திருத்த ஒரு திருகும், அடிக்க ஒரு பொத்தானுமே. ஆயினும் நூற்றுக்கணக்கானோர் அதை ஆடிப் பார்க்க வரிசையில் நின்றனர்.

1972-ல் ரால்ஃப் பேர் என்பவரின் முயற்சியால் மக்னாவாக்ஸ் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டு வந்த முதல் வீட்டு விளையாட்டுப் பெட்டியில், டென்னிஸ் களம் அச்சிட்ட கண்ணாடித்தாள் ஒன்றைத் தொலைக்காட்சித் திரைமேல் ஒட்டிக்கொண்டு ஆடினார்கள். அதே ஆண்டின் இறுதியில் அடாரி நிறுவனம் கடைகளில் வைத்த ‘பாங்’, 1975-ல் வீடுகளுக்கும் வந்தது. இந்தத் தொழில் முழுவதற்குமே பந்தை வலைக்கு அப்பால் திருப்பி அனுப்பும் ஆட்டமே பிள்ளையார் சுழி போட்டது என்றால் மிகையாகாது.

பின்னர் வந்தவர்கள் சித்திர நேர்த்தியில் சிரத்தை கொண்டார்கள். சேகா நிறுவனத்தின் ‘விர்ச்சுவா டென்னிஸ்’, 2003-ல் வந்த ‘டாப் ஸ்பின்’ முதலியவை வீரர்களின் முகச்சாயலையும் களத்தின் புல்லையும் மண்ணையும் தத்ரூபமாகக் காட்டின. அவற்றின் அழகை நான் மறுக்கவில்லை. ஆயினும் 2006-ல் நின்டெண்டோ தன் வீ பெட்டியோடு அளித்த ‘வீ ஸ்போர்ட்ஸ்’ மீண்டும் பழைய எளிமைக்கே திரும்பிற்று. அதில் ஆளை நகர்த்தும் வேலைகூட ஆடுபவருக்கு இல்லை. பந்து வரும் நேரம் பார்த்துக் கையிலுள்ள கருவியை மட்டையைப் போல் வீசினால் போதும். 8 கோடிக்கும் மேற்பட்ட பிரதிகள் பரவிய அந்த ஆட்டத்தைப் பேரனும் பாட்டியும் சேர்ந்து ஆட முடிந்தது, அது சரியான நேரத்தைத் தவிர வேறொன்றையும் கேட்காததனாலேதான்.

1984-ன் டென்னிஸில் கவனிக்கத்தக்க இன்னொரு விசேஷமும் உண்டு. இரண்டு பேர் ஆளுக்கொரு கைப்பிடியை எடுத்துக்கொண்டால், அவர்கள் ஒருவரையொருவர் எதிர்க்க இயலாது. இருவரும் ஒரே பக்கம் நின்று, பெட்டி அனுப்பும் இருவரை எதிர்த்தாக வேண்டும். ஓர் உரலில் இரு பெண்கள் மாற்றி மாற்றி உலக்கை போடும்போது ஒருத்தியின் கை மற்றொருத்தியின் கைக்கு இடம் விடுவதைப் போல, இங்கேயும் ஒருவர் முன்னேறினால் மற்றவர் பின்தங்கிக் காக்க வேண்டும். தோல்வி நேர்ந்தாலும் அது இருவருக்கும் பொதுவானதாகையால், அண்ணன் தம்பிக்குள் பூசலுக்கு இடம் குறைவு.

இந்த ஆட்டம் மைதானத்துக்கு ஈடாகுமா என்றால், ஆகாது. வியர்வையையும் மூச்சையும் எந்தப் பெட்டியும் தர இயலாது. திரையில் ஜெயித்தவன் களத்தில் முதல் பந்தையே வலைக்குள் அடிக்கக்கூடும். ஆனால் பதினைந்து, முப்பது, நாற்பது என்று ஏறும் விநோதமான கணக்கும், இரு பக்கமும் நாற்பதானால் அடுத்தடுத்து இரண்டு புள்ளிகள் எடுத்தாக வேண்டும் என்ற நியதியும், களத்தையே காணாத ஒரு சிறுவனுக்கு அதன் மூலமாகவே மனப்பாடமாகிவிடுமானால், அது அற்ப லாபமன்று. அடையமுடியாதது என்று எண்ணியிருந்த ஒரு விளையாட்டு அவனுக்கு அறிமுகமாகிவிடுகிறது. அறிமுகமானதை என்றேனும் ஒருநாள் மெய்யாகவே ஆட வேண்டுமென்ற ஆசை பிறப்பதும் இயல்பே.

ஆகையால் பெற்றோர்களுக்கு நான் சொல்லிக்கொள்வது இதுதான். பிள்ளைகள் டிவி கேம் முன் உட்கார்ந்திருக்கக் கண்டால் உடனே மின்விசையை அணைத்துவிடாதீர்கள். அவர்கள் ஆடுவது டென்னிஸாக இருந்தால், இரண்டாவது கைப்பிடியை நீங்களே எடுத்துக்கொண்டு ஓர் ஆட்டம் ஆடிப் பாருங்கள். ஆடி முடிந்ததும் இருவருமாக வெளியே கிளம்பி, கிடைத்த இடத்தில் ஒரு மெய்யான பந்தை அடித்து விளையாடுங்கள்.