உடைந்த மெழுகு உருளையை ஊசி தொடலாமா?

திருவண்ணாமலையின் கிரிவலப் பாதை மலையைச் சுற்றிவருவதுபோல, போனோகிராஃப் எனும் பழைய ஒலிப்பதிவுக் கருவியின் மெழுகு உருளையைச் சுற்றி ஒரு மெல்லிய தடம் ஓடுகிறது. அதன் மேடுபள்ளங்களே ஒலி. பழைய உருளைகளில் அங்குலத்துக்கு 100 சுற்றுகள்; நிமிடத்துக்கு 160 சுழற்சி; சுமார் 2 நிமிடப் பாட்டு. ஈரக்காற்றில் பூஞ்சை மெழுகைத் தின்று குழியாக்குகிறது. அந்தக் குழி இரைச்சலாகக் கேட்கிறது. தின்ற மெழுகைத் துடைத்து மீட்க முடியாது. விரிசலை ஒட்டினாலும், தடம் மயிரிழை விலகினால் ஊசி துள்ளி அடுத்த தடத்தையும் கீறும்.

ஆகவே, உடைந்த உருளையை முதலில் ஒளியால்தான் படிக்க வேண்டும். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கார்ல் ஹேபர் குழு உருவாக்கிய ஐரீன் முறை, தொடாமலே தடத்தின் ஆழத்தை அளந்து கணினியில் ஒலியாக்குகிறது. சில்லுகளையும் திரையிலேயே பொருத்தலாம். செலவு அதிகமாயிற்றே, எடை குறைந்த நவீன ஊசி போதாதா என்று கேட்கலாம். விரிசலற்ற உருளைக்கு அது போதும். உடைந்ததற்கு ஒருமுறை ஓட்டுவதே கடைசி முறையாகிவிடக்கூடும். பிரதி எடுப்பதன் பயனுக்கு ஓர் எடுத்துக்காட்டு: 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொல்கத்தாவின் எச். போஸ், தாகூரின் குரலை உருளையில் பதித்தார். போஸின் பதிவுகள் பின்னர் பாத்தே நிறுவனத்தின் தட்டுகளாகவும் வந்தன. மெழுகு அழியும், காலத்தில் எடுத்த பிரதியே குரலைக் காக்கும்.