போரின் துயரைப் பாடிய வீரர்

போர் வீரத்தைப் புகழும் பாடல்கள் பல மொழிகளில் உள்ளன. ஆனால், போர்க்களத்தில் நின்று, அங்கே படைவீரர்கள் பட்ட துன்பத்தைக் கவிதையாக்கியவர் வில்ஃபிரெட் ஓவன்.

ஓவன் 1893ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் இங்கிலாந்தின் ஆஸ்வெஸ்ட்ரி என்னும் ஊரில் பிறந்தார். இளமையிலேயே கவிதையில் நாட்டம் கொண்டார். 1914இல் முதல் உலகப் போர் மூண்டபோது, அவர் பிரான்சில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்தார். மறு ஆண்டு தாய்நாடு திரும்பிப் படையில் சேர்ந்தார்.

1917ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் பிரான்சின் போர்முனைக்கு அனுப்பப்பட்டார். சேறு நிறைந்த பதுங்குகுழி, கடுங்குளிர், ஓயாத குண்டுவீச்சு ஆகியவற்றுக்கிடையே வாழ்ந்தார். சில மாதங்களில் அவருடைய மனநலம் பாதிக்கப்பட்டது. ஸ்காட்லாந்தின் எடின்பர்க் நகரில் இருந்த கிரெய்க்லாக்கார்ட் போர் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றார். அங்கே சீக்ஃபிரீட் சசூன் என்ற படைவீரரைச் சந்தித்தார். ஏற்கெனவே கவிஞராக அறியப்பட்டிருந்த சசூன், ஓவனின் கவிதைகளைப் படித்துத் திருத்தங்கள் கூறி ஊக்கமளித்தார். ஓவனின் சிறந்த கவிதைகள் பல அதன்பின் பிறந்தவையே.

நச்சுவாயுவால் மூச்சுத் திணறி மடியும் வீரனைப் பற்றிய அவருடைய கவிதை புகழ்பெற்றது. நாட்டுக்காக இறப்பது இனிமையானது என்னும் பழைய கருத்தை அக்கவிதை மறுக்கிறது. ஓசையிலும் அவர் புதுமை செய்தார். அடியிறுதிச் சொற்களில் மெய்யொலிகள் ஒத்திருக்கும், உயிரொலிகள் வேறுபடும். முழுமையாக ஒன்றாத அவ்வோசை, போரின் அமைதியின்மையை உணர்த்துகிறது.

நலம் பெற்ற ஓவன், 1918இல் மீண்டும் போர்முனைக்குச் சென்றார். வீரர்களை வழிநடத்தவும், அவர்கள் படும் துன்பத்தை நேரில் கண்டு உலகுக்கு எடுத்துரைக்கவுமே வந்ததாகத் தாயாருக்குக் கடிதம் எழுதினார். போரை வெறுத்த அவர், கடமையிலிருந்து விலகவில்லை. அவருடைய துணிவுக்காக 'மிலிட்டரி கிராஸ்' விருது வழங்கப்பட்டது.

1918 நவம்பர் 4ஆம் நாள், வடபிரான்சில் ஒரு கால்வாயைக் கடக்கும் முயற்சியில் அவர் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 25. ஒரே வாரத்தில் போர் ஓய்ந்தது. தேவாலய மணிகள் அமைதியை முழங்கிய அதே நாளில், மகனின் மரணச் செய்தி பெற்றோரை எட்டியது.

ஓவன் உயிருடன் இருந்தபோது அவருடைய கவிதைகளுள் மிகச் சிலவே அச்சேறின. 1920இல் அவை நூலாக வெளிவந்தன. 1962இல் இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் தம் பெரும் இசைப்படைப்பு ஒன்றில் அவற்றைப் பயன்படுத்தினார். பேச வாய்ப்பின்றி மடிந்த வீரர்களின் குரலை ஓவனின் கவிதைகளில் நாம் இன்றும் கேட்கலாம்.