லர்ச்சர் நாயில் கிரேஹவுண்டின் பங்கு

பிரிட்டனிலும் அயர்லாந்திலும் குழிமுயல் பிடிக்கப் பயன்படும் லர்ச்சர் ஒரு தனி இனமன்று. கிரேஹவுண்டு போன்ற விரைவோட்ட நாயைக் கோலி என்னும் மேய்ப்பு நாயுடனோ டெரியருடனோ சேர்த்துப் பெறும் கலப்பே அது. மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓட வல்லது கிரேஹவுண்டு. ஆயினும் அவ்வேகம் நெடுநேரம் நில்லாது. மேய்ப்பு நாயோ சொற்கேட்கும்; நாள் முழுதும் உழைக்கும். முதற்கலப்பின் வேகம் போதாதெனக் கருதுவோர் அதனை மீண்டும் கிரேஹவுண்டுடன் சேர்ப்பர். அக்குட்டிகளில் முக்காற்பங்கு கிரேஹவுண்டு என்பது சராசரிக் கணக்கே. ஓரீற்றுக் குட்டிகளும் தம்முள் வேறுபடும். ஆகவே, பங்கை மட்டும் நோக்கிக் குட்டியைத் தேர்வது வீண்.

வேகத்துடன் வேறு இயல்புகளும் வரக்கூடும். கிரேஹவுண்டின் கல்லீரல் தயோபென்டால் என்னும் மயக்க மருந்தை மெல்லவே சிதைக்கும். கோலி இன நாய்கள் பலவற்றிற்கு ஐவர்மெக்டின் அளவு மிகின் நஞ்சாகும். இப்பின்னதனை ஜீன் சோதனையால் முன்னரே அறியலாம். லர்ச்சருக்கு மருந்தளிக்குமுன் பெற்றோரின் இனத்தை மருத்துவர் கேட்பது இதனாலேயே.