முதல் காமிரா வாங்குமுன்

கைப்பேசியிலேயே படமெடுக்கும் வசதி வந்துவிட்ட இந்நாளிலும், தனியே ஒரு டிஜிட்டல் காமிரா வேண்டுமென்று கேட்கும் பிள்ளைகள் நம் குடும்பங்களில் உள்ளனர். விருப்பம் நல்லதே. ஆயினும் அதன் விலை பல இல்லங்களில் ஒரு மாத ஊதியத்தையும் விஞ்சுவதாகும். ஆதலால் கடைக்குச் செல்லுமுன் சிலவற்றை அறிந்துகொள்வது பெற்றோர்க்கும் பிள்ளைகட்கும் பயன்தரும்.

டிஜிட்டல் காமிராவில் ஃபிலிம் இல்லை. அதனிடத்தில், ஒளியை மின்சாரமாக மாற்றும் ‘சென்சார்’ என்னும் சிறு தகடு உள்ளது. 1975-ஆம் ஆண்டில் கோடாக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாசன் இத்தகைய காமிரா ஒன்றை அமைத்தார். அது ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய 23 விநாடிகள் பிடித்தது. படத்தில் இருந்தவை 10,000 புள்ளிகளே.

இன்று அப்புள்ளிகள் கோடிக்கணக்கில் பெருகிவிட்டன. 10 லட்சம் புள்ளிகள் கொண்டது ஒரு மெகாபிக்சல். கடைக்காரர் முதலில் கூறுவது இவ்வெண்ணைத்தான். ஆனால் 6-க்கு 4 அங்குலப் படத்தை அங்குலத்திற்கு 300 புள்ளிகள் வீதம் அச்சிட ஏறத்தாழ 22 லட்சம் புள்ளிகளே வேண்டும். 12-க்கு 8 அங்குலப் படத்திற்கு 86 லட்சம் போதும். எனவே இவ்வெண்ணுக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுப்பது வீண்.

அங்ஙனமாயின் எதைப் பார்ப்பது? சென்சாரின் பரப்பைப் பாருங்கள். முற்றத்தில் மழைக்கு வைத்த அண்டாவும் குவளையும் ஒரே அளவு நீரைப் பிடிப்பதில்லை. சட்டைப்பைக்குள் அடங்கும் மலிவான காமிராக்கள் பலவற்றில் சென்சார் ஏறத்தாழ 6-க்கு 4.5 மில்லிமீட்டர்தான். லென்சை மாற்றக்கூடிய காமிராக்கள் பலவற்றில் அது 23.5-க்கு 15.6 மில்லிமீட்டர், அதாவது பரப்பில் 13 மடங்கு. பகல் வெயிலில் இவ்வேறுபாடு அவ்வளவாகத் தெரியாது. மாலை வேளையில், ஒற்றை விளக்கின் கீழ், கட்டிலில் அமர்ந்திருக்கும் பாட்டியின் முகத்தைப் படமெடுக்கும்போது தெளிவாகத் தெரியும்.

அடுத்தது லென்ஸ். அதன் மேல் ‘எஃப்’ என்ற எழுத்தோடு காணப்படும் எண் சிறிதாக இருக்குமளவுக்கு அதன் வாய் அகலமாகத் திறக்கும். காமிராவோடு வரும் 18-55 லென்ஸ் முழுதும் நீண்ட நிலையில் பெரும்பாலும் 5.6 எண்ணளவே திறக்கும். 1.8 எண்ணுள்ள 50 மில்லிமீட்டர் லென்ஸ் அதைவிட ஒன்பது மடங்குக்கும் கூடுதலான ஒளியை உள்ளே விடும். ஜூம் பற்றிக் கேட்கும்போது ‘ஆப்டிகல் ஜூம்’ எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். ‘டிஜிட்டல் ஜூம்’ என்பது படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கிக் காட்டுவதேயாகும்.

தயாரிப்பாளர்கள் பலரும் இன்று உட்கண்ணாடி இல்லாத காமிராக்களுக்கே முதலிடம் தருகின்றனர். ஆகவே கண்ணாடியுள்ள எஸ்.எல்.ஆர். வகை, பிறர் பயன்படுத்திய நிலையில் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. கற்றுக்கொள்பவர்க்கு அது போதும். ஆனால் லென்சை வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து, உள்ளே சிலந்திவலை போன்று பூஞ்சை படர்ந்துள்ளதா என்று பாருங்கள். ஈரக்காற்று வீசும் கடலோர ஊர்களில் இது பெருந்தொல்லை. கடையிலேயே பிளாஷ் இன்றி ஒரு படமெடுத்துப் பாருங்கள். மெமரி கார்டு, மாற்று பேட்டரி, பை ஆகியவற்றின் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

யாரை, எங்கே, எந்த ஒளியில் படமெடுக்கப் போகிறோம் என்பதே முதற்கேள்வி. பகலில், வெளியில் மட்டுமெனில் கையிலுள்ள கைப்பேசியே போதும். கடன்பட்டு வாங்க வேண்டுவதில்லை.

இறுதியாக ஒன்று. மெமரி கார்டு ஒரு நாள் பழுதாகலாம், கைப்பேசி தொலையலாம். எடுத்த படங்களை இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். ஆண்டுக்குச் சிலவற்றையேனும் அச்சிட்டு, பின்புறத்தில் பெயர்களையும் நாளையும் எழுதுங்கள். பாட்டியின் முகத்தைப் பேரனின் பிள்ளைகள் அடையாளம் காண அவ்வெழுத்தே உதவும்.