கணினி மறுத்தால் காரணம் கேட்கலாம்

கணினிகள் இன்று செய்யும் வேலைகளில் ஒரு வகை, இயற்கையைக் கணிப்பது. புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தில் உள்ள அர்கா என்னும் மீக்கணினி மழையையும் புயலையும் முன்கூட்டிச் சொல்ல உதவுகிறது. ஆல்ஃபாஃபோல்டு மென்பொருள் புரதங்களின் முப்பரிமாண வடிவத்தைக் கணிக்கிறது. அதை உருவாக்கிய டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவருக்கும் 2024-ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசில் பாதி கிடைத்தது. இன்னொரு வகை, மனிதர்களைப் பற்றி முடிவெடுப்பது. யாருக்கு ரேஷன், யாருக்குக் கடன், யார் மீது சந்தேகம் என்பதில் எல்லாம் இன்று கணினியின் சொல் எடுபடுகிறது.

இரண்டிலும் பிழை வரும். ஆனால் புயல் கணிப்பு தவறினால் மறுநாளே வானம் காட்டிக்கொடுத்துவிடும். புரதத்தின் வடிவம் தவறென்றால் ஆய்வகத்தில் எக்ஸ் கதிர்ச் சோதனையில் தெரிந்துவிடும். ஒரு மனிதரைப் பற்றிக் கணினி தவறாகச் சொன்னால் அதைச் சரிபார்க்க அப்படி எந்த ஏற்பாடும் இல்லை. பாதிக்கப்பட்டவர் வாய் திறந்தால்தான் பிழை வெளியே வரும். அவர் சொல்வதையோ பெரும்பாலும் யாரும் நம்புவதில்லை.

இதற்கு பிரிட்டன் அஞ்சலகங்களில் நடந்ததைவிடக் கொடுமையான சான்று வேண்டியதில்லை. ஃபுஜிட்சு நிறுவனத்தின் ஹொரைசன் என்னும் கணக்குமுறை மென்பொருள் 1999 முதல் அங்கே புழக்கத்துக்கு வந்தது. அதன்பின் கிளை அஞ்சலகங்களை நடத்திவந்தவர்களின் கணக்கில் பணம் குறைந்ததாகத் திரை காட்டத் தொடங்கியது. பணம் போனது எங்கே என்று தேடாமல், எடுத்தது அவர்கள்தான் என்று அஞ்சலக நிர்வாகம் வழக்குப் போட்டது. 2015 வரை 900-க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகள் ஆனார்கள். பலர் சிறை சென்றார்கள். வீட்டை விற்று, இல்லாத பாக்கியைக் கட்டியவர்களும் உண்டு.

பிழை எப்படி நேரும் என்பதற்கு ஸ்காட்லாந்தின் டால்மெலிங்டன் கிளையில் 2015-இல் நடந்ததே போதும். 8,000 பவுண்டு ரொக்கத்தைக் கணக்கில் ஏற்றும்போது திரை நகரவில்லை. என்டர் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்த வேண்டியிருந்தது. ஒவ்வொரு அழுத்தலும் தனித்தனி வரவாகப் பதிவாகி, 8,000 பவுண்டு 32,000 ஆனது. ஆக, ஒரு பைசாவும் காணாமல் போகாமலேயே கணக்கில் 24,000 பவுண்டு துண்டு விழுந்தது.

இத்தகைய பிழைகள் நீதிமன்றத்தில் ஏன் அம்பலமாகவில்லை? கணினிப் பதிவைச் சாட்சியமாக வைப்பவர், அந்தக் கணினி ஒழுங்காக இயங்கியது என்று காட்ட வேண்டும் என்ற விதி இங்கிலாந்தில் முன்பு இருந்தது. 1999-இல் வந்த ஒரு சட்டம் அதை நீக்கியது. அதன்பின் கணினி சரியாகத்தான் இயங்கியிருக்கும் என்று நீதிமன்றமே அனுமானித்துக்கொண்டது. தவறு என்று நிரூபிக்கும் சுமை எளிய அஞ்சலகக்காரரின் தலையில் விழுந்தது. முன்னாள் அஞ்சலகக்காரரான ஆலன் பேட்ஸ் என்பவரின் முன்முயற்சியில் 555 பேர் சேர்ந்து வழக்குத் தொடுத்த பிறகே, ஹொரைசனில் பிழைகள் இருந்ததை 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. 2024 மே மாதம் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றித் தண்டனைகளை ரத்து செய்தது. ஆஸ்திரேலியாவிலும் ஆண்டு வருமானத்தைச் சராசரியாக்கி, உதவித்தொகை பெற்ற ஏழைகளிடம் இல்லாத கடனை வசூலித்த ரோபோடெட் திட்டம் சட்டவிரோதமானது என்று பின்னர் உறுதியானது.

இந்தியாவில் இந்தச் சிக்கல் கண்ணுக்குத் தெரியும் இடம் ரேஷன் கடை. செங்கல் சூளையிலும் கட்டட வேலையிலும் தேய்ந்த விரல்களில் ரேகை மங்கிவிடும். முதியவர்களுக்கு வயதே ரேகையை அழித்துவிடும். கடையில் கைரேகையைச் சரிபார்க்கும் பி.ஓ.எஸ். கருவியில் விரலை வைத்து எடுத்து, துடைத்து மறுபடி வைத்தும் ‘ரேகை விழவில்லை’ என்று திரும்பிப் போகிறவர்கள் பலர். இங்கே கருவி சொல்வது, பதிவில் உள்ள ரேகையோடு இது ஒத்துப்போகவில்லை என்பதை மட்டுமே. அந்த ஆளுக்கு அரிசி வாங்க உரிமை இல்லை என்று அது சொல்லவில்லை. அந்த உரிமையைத் தருவது 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம். ஆதார் இல்லை என்றோ, கைரேகை பொருந்தவில்லை என்றோ தகுதியுள்ள குடும்பத்துக்குப் பொருள் மறுக்கக் கூடாது என்று மத்திய உணவுத் துறை 2017 அக்டோபரில் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. எனவே கடையில் மாற்று வழியைக் கேட்க வேண்டும்: கருவிழிப் பதிவு, குடும்பத்தின் வேறொரு உறுப்பினரின் ரேகை, வர இயலாதவர் சார்பில் ஒருவரை நியமிப்பது. அப்படியும் மறுத்தால் 1967 என்ற எண்ணிலோ, வட்ட வழங்கல் அலுவலரிடமோ, மாவட்டக் குறைதீர் அலுவலரிடமோ புகார் செய்யலாம். அதற்கு மேல் மாநில உணவு ஆணையம் இருக்கிறது.

கடன் விஷயத்தில் சேதம் ஓசையில்லாமல் நடக்கிறது. ஒருவரின் கடன் பதிவுகளிலிருந்து கணக்கிடப்படும், மக்கள் சிபில் ஸ்கோர் என்று சொல்லும் எண் 300-க்கும் 900-க்கும் இடையே அமையும். அந்தப் பதிவுகளில் கட்டி முடித்த கடன் நிலுவையாகவே நிற்பதும், வேறொருவர் கடன் ஒருவர் பெயரில் ஏறுவதும் நடப்பவைதாம். கடன் மறுக்கப்படும் நாள் வரை பாதிக்கப்பட்டவருக்கு அது தெரியாது. ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அதை வாங்கிப் பார்த்து, தவறிருந்தால் உடனே எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். 30 நாட்களுக்குள் தீர்க்காவிட்டால் அதற்குமேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. 2024 ஏப்ரல் முதல் ரிசர்வ் வங்கி இதை நடைமுறைப்படுத்தியுள்ளது. பதில் திருப்தி இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். கடன் செயலிகள் கைபேசியில் உள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் தொடக் கூடாது என்பதும் ரிசர்வ் வங்கியின் விதி. அந்த அனுமதியைக் கேட்கும் செயலியை அப்போதே நீக்கிவிடுவது நல்லது.

எந்த அலுவலகமானாலும் ‘சிஸ்டம் ஏற்கவில்லை’ என்பது காரணம் ஆகாது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4(1)(ஈ) பிரிவின்படி, ஓர் அரசு அலுவலகம் தன் நிர்வாக முடிவுக்கான காரணத்தை அதனால் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டது. மத்திய அரசு அலுவலகம் என்றால் 10 ரூபாய்க் கட்டணத்தில் மனு கொடுத்து அதைக் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். மறுப்பு எழுத்தில் இருப்பதும், மனுவின் ஒப்புகை எண்ணும், திரையில் தெரிந்த பிழைச் செய்தியின் படமும் பின்னால் மேல்முறையீட்டுக்குத் துணை நிற்கும். வாய்மொழியாகத் திருப்பி அனுப்பப்பட்டவர் கையில் எதுவும் இருக்காது.

2023-ஆம் ஆண்டின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன்னைப் பற்றிய தரவை அறியவும் திருத்தவும் ஒருவருக்கு உரிமை தருகிறது. ஒருவரைப் பாதிக்கும் முடிவுக்குப் பயன்படும் தரவு முழுமையாகவும் சரியாகவும் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுக்கப்பட்டது. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதிகளில் 22-ஆம் பிரிவாக உள்ள உரிமை இதில் இல்லை. கணினி மட்டுமே தானாக எடுத்த முடிவுக்குக் கட்டுப்பட மறுத்து, ஒரு மனிதர் அதை மறுபடி பார்க்க வேண்டும் என்று கோரும் உரிமை அது. ரேஷனும் ஓய்வூதியமும் கடனும் கணினி வழியே போகும் நாட்டில் அந்தப் பிரிவு சட்டத்தில் ஏறியே ஆக வேண்டும்.