பழி மாட்டின் மேலா, மனுசன் மேலா?



கிணற்றுத் தண்ணியிலே மலக்கிருமி இருக்குன்னு சோதனையில் வந்தால், முதல் பழி மாட்டுத் தொழுவத்தின் மேல்தான் விழும். ஆனால் வழக்கமாகச் சோதிக்கும் ஈ.கோலி கிருமி மனுசன் குடலிலும் உண்டு, மாட்டுக் குடலிலும் உண்டு. தண்ணீர் கெட்டதைச் சொல்லுமே தவிர, யாரால் கெட்டது என்று சொல்லாது.

அதைக் காட்டிக் கொடுப்பது டி.என்.ஏ. சோதனை. குடலில் வாழும் பாக்டீராய்ட்ஸ் கிருமிகளில் மனுசனுக்கு ஒரு வகை, அசைபோடும் கால்நடைகளுக்கு வேறு வகை. தண்ணீரை நுண்ணிய வடிதாளில் வடித்து, அதில் தங்கிய கிருமிகளின் டி.என்.ஏ.யைப் பிரித்து, பி.சி.ஆர். முறையில் கோடிக்கணக்கில் பெருக்கி, எந்த வகை என்று பார்ப்பார்கள்.

அமெரிக்காவில் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2000-இல் இந்த அடையாளங்களை வெளியிட்டார்கள். அங்கே டில்லமூக் விரிகுடாவைச் சுற்றிப் பால்மாட்டுப் பண்ணைகள். விரிகுடாவிலோ சிப்பி வளர்ப்பு. தண்ணீரைச் சோதித்தபோது கால்நடை அடையாளமும் இருந்தது, மனித அடையாளமும் இருந்தது. மாட்டை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை என்று ஆயிற்று.

இதனால் நமக்கென்ன என்று கேட்கலாம். மனிதக் கழிவு என்றால் கசியும் செப்டிக் டேங்கைச் சரி செய்யணும். சாணம் என்றால் எருக்குழியைக் கிணற்றைவிட்டுத் தள்ளி வைக்கணும், மழைத்தண்ணி உள்ளே ஓடாமல் கரை போடணும். ஆளைத் தெரியாமல் வேலை செய்தால் பணம்தான் வீண்.

ஒன்று கவனியுங்கள்: சில சமயம் நாய், கோழி எச்சமும் மனித அடையாளம்போல் காட்டும். ஆகவே சுற்றுப்புறத்தையும் பார்த்தே முடிவு செய்யணும். கிருமி யாருடையதானாலும், தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள்.