கேட்கக் கேட்கக் காது சோர்வது ஏன்? வீட்டு ஒலிபெருக்கியும் கேட்டல் பயிற்சியும்

"டீச்சர், வீட்டுல கேட்டல் பயிற்சி செஞ்சா பத்து நிமிஷத்துல தலை வலிக்குது." உயர்நிலை மாணவர்கள் இப்படிச் சொல்லும்போது, சாக்குச் சொல்கிறார்கள் என்று நாம் எளிதில் முடிவுகட்டிவிடலாம். பல நேரங்களில் குறை மாணவரிடம் இருப்பதில்லை. மேசைமேல் இருக்கும் ஸ்பீக்கரில் இருக்கிறது. சத்தம் பெரிதாகத்தான் வரும். ஆனால் ஒரு பனுவல் முடிவதற்குள் 'போதும்பா' என்று கை தானாக அதை நிறுத்தப் போகும். கேட்டல் கருத்தறிதலுக்குத் தயாராகும் மாணவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. காது சோர்ந்தால் கவனம் சிதறும். கவனம் சிதறினால் விடை தவறும். ஏன் இப்படி ஆகிறது, செலவில்லாமல் எப்படிச் சரிசெய்யலாம் என்று பார்ப்போம்.

காது எல்லா ஒலியையும் ஒரேமாதிரி கேட்பதில்லை

ஒரு நொடியில் நிகழும் அதிர்வுகளின் எண்ணிக்கையை அதிர்வெண் என்கிறோம். அதன் அலகு ஹெர்ட்ஸ். இளம் வயதினரின் காது ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். ஆனால் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளுக்கு அது மிகக் கூர்மையாக இருக்கும். இதற்கு ஒரு காரணம் செவிக்குழாயின் நீளம். ஏறக்குறைய 2.5 சென்டிமீட்டர் நீளமுள்ள அந்தக் குழாய், 3,000 ஹெர்ட்ஸ் அருகே உள்ள ஒலிகளைத் தானாகவே பெருக்கிவிடுகிறது.

ஒரு ஸ்பீக்கர் இதே பகுதியை மேலும் தூக்கிக் கொடுத்தால் என்ன ஆகும்? கடையில் இரண்டு நிமிடம் கேட்கும்போது, "அட, எவ்வளவு தெளிவு!" என்று தோன்றும். வீட்டில் அரை மணி நேரம் கேட்டால் 'ஸ', 'ச', 'ஷ' எல்லாம் ஊசிபோல் குத்தும். வாங்கும்போது பிடித்த அதே 'தெளிவு'தான் பிறகு காதைச் சோர்வடையச் செய்கிறது.

கடையில் இரண்டு ஸ்பீக்கர்களை ஒப்பிடும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். சற்றுச் சத்தமாக ஒலிப்பதே நமக்கு நன்றாக இருப்பதுபோல் தோன்றும். இரண்டையும் ஒரே அளவு சத்தத்தில் வைத்துக் கேட்டால்தான் உண்மை தெரியும்.

பேஸ் கூடினால் மெய்யெழுத்து மறையும்

'டம் டம்' என்று அதிரும் பேஸ் பாட்டுக்குச் சுகமாக இருக்கலாம். பேச்சுக்கு அது இடைஞ்சல். தாழ்ந்த அதிர்வெண் ஒலி பலமாக இருந்தால், அது தனக்கு மேலுள்ள ஒலிகளை மூடிவிடும்.

தமிழைக் கேட்பவருக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. 'வலி, வளி, வழி' ஆகிய மூன்றையும் சொல்லிப் பாருங்கள். ல, ள, ழ ஆகியவற்றைப் பிரித்துக்காட்டும் ஒலிக்கூறுகள் பெரும்பாலும் 1,000 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரை அமைந்தவை. அந்தப் பகுதி மங்கினால் உயிரொலி கேட்கும், மெய்யொலி நழுவிவிடும். சூழலை வைத்து மூளை ஊகித்துக்கொண்டே போகும். இந்த ஓயாத ஊகந்தான் களைப்பைத் தருகிறது.

சின்னப் பெட்டி, பெரிய சத்தம்

கேட்கவில்லை என்றவுடன் நாம் ஒலியளவைக் கூட்டுகிறோம். ஓர் ஒலி இரு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு மின்திறன் தேவை. கையடக்க ஸ்பீக்கரால் அதைத் தர இயலாது. எல்லையைத் தாண்டும்போது ஒலியலையின் உச்சி வெட்டுப்பட்டு, மூலப் பதிவில் இல்லாத கரகரப்பு கலந்துவிடும். அப்போது சத்தம் கூடும், தெளிவு குறையும்.

அறையும் சேர்ந்து பேசுகிறது

நம் வீவக வீடுகளில் கான்கிரீட் சுவர், வழவழப்பான தரை ஓடு, கண்ணாடிச் சன்னல் எல்லாம் உண்டு. மூன்றுமே ஒலியைத் திருப்பி அடிக்கும். ஓர் அசை முடிவதற்குள் முந்திய அசையின் எதிரொலிப்பு வந்து அதன்மேல் விழும். ஸ்பீக்கரை அறையின் மூலையில் வைத்தால் பேஸ் இன்னும் வீங்கும். மெல்லிய தொலைக்காட்சிகள் பலவற்றில் ஸ்பீக்கர் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ இருப்பதால், செய்தி வாசிப்பவரின் குரல் சுவரில் பட்டுத்தான் நம்மிடம் வருகிறது.

குரலை உரைகல்லாகக் கொண்டவர்கள்

நல்ல ஒலிக்குப் பெரிய பெட்டி கட்டாயமில்லை. 1970களில் பிபிசி பொறியாளர்கள், வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளின் குறுகிய இடத்துக்காக எல்எஸ்3/5ஏ என்ற சிறிய ஒலிபெருக்கியை வடிவமைத்தார்கள். அதில் ஆழ்ந்த பேஸ் கிடையாது; பெரிய சத்தமும் கிடையாது. ஆனாலும் மனிதக் குரலை இயல்பாகத் தருவதற்காக இன்றும் அது பேசப்படுகிறது. கேட்டல் பயிற்சிக்கு நமக்குத் தேவையானதும் அந்த இயல்புதான்.

நீங்கள் செய்யக்கூடியவை

1. சத்தத்தைக் கூட்டாதீர்கள், ஸ்பீக்கரை அருகில் கொண்டு வாருங்கள். திறந்த வெளியில் தூரம் பாதியானால் நேரடி ஒலி 6 டெசிபல் கூடும். அறையிலும் அருகில் இருக்கும்போது எதிரொலிப்பைவிட நேரடி ஒலியே மேலோங்கும்.
2. மூலையிலிருந்தும் சுவரிலிருந்தும் சற்றுத் தள்ளி, காது உயரத்தில், உங்களைப் பார்த்தபடி வையுங்கள். உயர்ந்த அதிர்வெண் ஒலிகள் நேர்கோட்டில்தான் நன்றாகப் போய்ச்சேரும்.
3. 'பேஸ் பூஸ்ட்' இருந்தால் நிறுத்திவிடுங்கள். ஒலி குத்தினால் டிரெபிளைக் கொஞ்சம் குறையுங்கள்.
4. திரைச்சீலையை இழுத்துவிடுங்கள், தரையில் ஒரு பாய் விரியுங்கள். புத்தக அலமாரியும் ஒலியைச் சிதறடிக்க உதவும்.
5. ஒலி 968 செய்தியைக் குறைந்த சத்தத்தில் பத்து நிமிடம் கேளுங்கள். சொற்கள் புரிந்து, காதும் உறுத்தாமல் இருந்தால் அந்த அமைப்பு போதும்.

ஆசிரியர்களுக்கு ஒரு சிறு சோதனை

'தலை, தளை, தழை', 'மனம், மணம்', 'அரம், அறம்' போன்ற 20 சொற்களைக் கலைத்துப் போட்டு, நீங்களே திருத்தமாக உச்சரித்துப் பதிவுசெய்து மாணவருக்கு அனுப்புங்கள். அன்றாடப் பேச்சில் ளகரமும் ழகரமும் பலருக்கு ஒன்றாகிவிடுவதால், குரல் உங்களுடையதாக இருப்பது நல்லது. மாணவர் ஒரு நாள் வீட்டு ஸ்பீக்கரிலும், மறுநாள் காதொலிக் கருவியிலும் கேட்டு எழுதட்டும். மறுநாளுக்குச் சொற்களின் வரிசையை மாற்றிவிடுங்கள்.

காதொலிக் கருவியில் மட்டும் சரியாக எழுதினால், திருத்த வேண்டியது ஸ்பீக்கரை. இரண்டிலும் ஒரே சொற்களில் தவறினால், ஒலி வேறுபாட்டை மீண்டும் கற்பிக்க வேண்டும். இரண்டிலும் பல சொற்கள் விடுபட்டால், பெற்றோரிடம் செவித்திறன் பரிசோதனை பற்றிப் பேசுங்கள். மூன்றுக்கும் தீர்வு வேறு வேறு. 'கவனமாகக் கேள்' என்ற ஒரே அறிவுரை மூன்றுக்கும் பொருந்தாது.

காதொலிக் கருவிக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் பெரியவர்களுக்கு 80 டெசிபல், பிள்ளைகளுக்கு 75 டெசிபல் என்பது உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த அளவு. பக்கத்தில் இருப்பவர் சாதாரணக் குரலில் கூப்பிட்டால் காதில் விழாத அளவுக்கு வைக்காதீர்கள்.

மாணவர்களுக்கு: சொல்வளம்

அதிர்வெண் – ஒரு நொடியில் நிகழும் அதிர்வுகளின் எண்ணிக்கை
எதிரொலிப்பு – ஒலி ஒரு பரப்பில் பட்டுத் திரும்புதல்
செவிக்குழாய் – காதின் வெளித்துளையிலிருந்து செவிப்பறை வரை செல்லும் வழி
உரைகல் – தரத்தைச் சோதித்தறிய உதவுவது

சிந்திக்க: உங்கள் வீட்டு ஸ்பீக்கர் இப்போது எங்கே இருக்கிறது? அதை எங்கே மாற்றி வைப்பீர்கள்? கட்டுரையிலிருந்து இரண்டு காரணங்களைக் காட்டி விளக்குங்கள்.